மூன்று வெயில் கடிகாரங்களும் என் கிணற்றடிக் கல்லும்

போன செவ்வாய்க்கிழமை காலையில் என் தம்பியின் சைக்கிளை பஸ்ஸின் தலையில் ஏற்றிக் கட்டினோம். சைக்கிள் வைத்திருப்பவர் எதற்கு பஸ்ஸில் வருகிறார் என்று கண்டக்டர் கேட்டார். நியாயமான கேள்விதானே?

"ஓமலூருலிருந்து சேலம் வரைக்கும் எங்கக்காவைப் பின்னால வெச்சு மிதிச்சா, திரும்பி வாரப்ப என்னை நாலு பேரு தூக்கிட்டு வரோணுங்க" என்றான் தம்பி.

தம்பி என்றால் சின்னப் பையன் என்று நினைத்துவிடாதீர்கள். டவுனில் கம்பவுண்டராக இருந்து, வேலையை விட்டு வந்து பல வருஷம் ஆகிறது. வாயில் பாதிப் பல் இல்லை. கிண்டலுக்கு மட்டும் குறைவில்லை.

எதற்காக இந்தப் பயணம்? சொல்கிறேன்... அவசரம் வேண்டாம். எனக்கு எழுத்து கூட்டிக் கூட்டித்தான் வரும். நீங்களும் அந்த வேகத்திலேயே படியுங்கள்.

எங்கள் கிணறு இரண்டு பங்கு. மாடு பூட்டி இறைக்கும் கிணறு. விடிந்ததிலிருந்து உச்சி வரை என் முறை. உச்சிக்கு மேல் என் கொழுந்தனார் மாரிமுத்துவின் முறை. உச்சி எது என்று எப்படித் தெரியும்? கிணற்றடியில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கல் நட்டிருக்கிறது. கல்லின் அடியிலிருந்து பாறையில் தெற்கு வடக்காக ஒரு கோடு கீறியிருக்கிறது. கல்லின் நிழல் கோட்டைத் தொட்டால் நான் மாட்டை அவிழ்ப்பேன், அவர் மாட்டைப் பூட்டுவார். என் மாமனார் காலத்திலிருந்து இதில் ஒரு வார்த்தை பேச்சு வந்தது கிடையாது.

இந்தச் சித்திரையில் வந்தது. மாரிமுத்து ரிஸ்ட் வாட்ச் வாங்கினார்!

வாங்கட்டும். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் யுத்தத்துக்காக சர்க்கார் எல்லாக் கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருக்கிறதே... அந்த டைமைக் கையில் கட்டிக்கொண்டு கிணற்றடிக்கு வந்து நின்றார். அண்ணியான என்னை அவர் நங்கையா என்றுதான் கூப்பிடுவார்.

"நங்கையா, மணி பன்னண்டு ஆச்சுங்க. மாட்டை அவுருங்க."

"நிழலு இன்னும் கோட்டுக்கு எத்தனை தூரத்துல கெடக்குது, பாரு சாமி!"

"நிழலைப் பாத்துட்டுத்தான் ரயிலு உடறாங்களா? காலம் மாறிப்போச்சுங்க நங்கையா. கல்லை நம்பிட்டு இருந்தா நானு கெட்டேன்."

தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் போனது. என் கேழ்வரகு அப்போதுதான் பால் பிடிக்கிற பருவம். கடைசி ஆறு பாத்திக்குத் தண்ணீர் எட்டவில்லை. மூன்றாம் நாளே தாள் சுருண்டது. பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேனா? அதுவும் நான்?

தம்பிதான் வழி சொன்னான். "டவுன்லயே மூணு வெயில் கடியாரம் இருக்குதுங்க்கா. யாரு வேணும்னாலும் போய்ப் பாக்கலாம். படிச்சவங்க, தொரைங்க எல்லாம் நிழலைப் பாத்து நட்டதுதான்." அவ்வளவுதான். படித்தவர்களே நம்பியதை நம்பிய நான் ஏமாளியா? மூன்றையும் பார்த்துவிட்டு வந்து மாரிமுத்துவின் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும் — புறப்பட்டேன்.

பெட்ரோல் கிடைக்காததால் கரி அடுப்பில் ஓடும் பஸ். மேட்டில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கி அடுப்பை விசிறி, கம்பியால் கிளறி, மறுபடி உயிர் கொடுத்தார். சேலத்தில் இறங்கும்போது என் வெள்ளைச் சேலை வெள்ளையாக இல்லை. சைக்கிளை இறக்கி, கேரியரில் சாக்கை நாலாக மடித்துப் போட்டு ஏறி உட்கார்ந்தேன். கடைவீதியே பார்த்தது. பார்க்கட்டுமே! இந்த வயதில் எனக்கென்ன வெட்கம்? ஒன்று சொல்கிறேன் — இதுவரை சைக்கிளில் ஏறாத பெண்கள் ஒரு தடவை ஏறிப் பாருங்கள். முகத்தில் காற்றடிக்கிற சுகம் மாட்டு வண்டியில் கிடையாது.

முதல் கடிகாரம் ஒரு மாதாகோயில் தோட்டத்தில். நெஞ்சளவு தூணின் மேல் பித்தளைத் தட்டு. அதில் மீன் செதில் மாதிரி ஒரு தகடு நட்டுக்கொண்டு நிற்கிறது. ஓரத்தில் எண்கள்... எண்களா அவை? குச்சி குச்சியாக இருந்தன. ஒரு குச்சி என்றால் ஒன்று, இரண்டு குச்சி என்றால் இரண்டு! படிக்காதவளுக்கென்றே எழுதி வைத்தது போல. எனக்கு அங்கேயே பிடித்துப்போயிற்று.

நிழல் ஒன்பதரையில் இருந்தது. கோயில் சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றுக்குக் கால் மணி குறைவு.

"இது ஏனுங்க ஒண்ணேகால் மணி பின்னால இருக்குது?" என்று தோட்டக்காரரைக் கேட்டேன்.

"ஒரு மணி நேரம் சண்டைக்காகத் தள்ளினதுங்கம்மா. முள்ளைத் தள்ளுன்னா கடியாரம் கேக்கும். வெயிலு கேக்குமா?"

"மிச்சம் கால் மணி?"

"தேசம் பூராவுக்கும் ஒரே மணி வெச்சிருக்காங்க இல்லீங்களா... அது கெழக்கே எங்கியோ சூரியன் உச்சிக்கு வர்ற நேரமாம். அங்கிருந்து நம்மூருக்கு நடந்து வரக் கால் மணி ஆவுதுங்க."

எனக்குக் கையைத் தட்டலாம் போல இருந்தது. ஆக, யுத்தம் இல்லாவிட்டாலும் மாரிமுத்துவின் வாட்ச் நம் ஊர் உச்சியைச் சொல்லாது! "மிதிடா தம்பி!" என்றேன்.

இரண்டாவது, நெசவாளர் தெருவில் ஒரு பழைய சத்திரத்தின் தெற்குச் சுவரில். சுவரில் கோடுகள் இருந்தன. நடுவில் இரும்புக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. கம்பியில் நாவல்பழச் சாயம் போட்ட நூல் கழிகள் சொட்டச் சொட்டத் தொங்கின!

"ஏம்மிணி, மணி பாக்கற கம்பியில நூலைக் காயப் போட்டிருக்கறயே?" என்று அங்கே நின்ற பெண்ணிடம் சண்டைக்குப் போனேன்.

அவள் சிரித்தாள். "சாய நூலை நெழல்லதாங்க காயப் போடோணும். வெயில்ல போட்டா வெளுத்துரும். இந்தச் செவுத்துல இப்ப வெயிலு எங்கீங்க இருக்குது?"

நிமிர்ந்து பார்த்தேன். ஆமாம், சுவர் முழுக்க நிழல்.

"சித்திரை பொறந்து ஒரு வாரம் போனா சூரியன் வடக்கே போயிருமுங்க. ஆவணி வரைக்கும் இந்தக் கடியாரம் தூங்கும். அது வரைக்கும் எங்களுக்குக் கொடி. அப்பறம் கழட்டிக் குடுத்துருவோம்."

கடிகாரத்துக்கே நாலு மாத லீவு! அதையும் வீணாக்காமல் ஒரு தெருவே நூல் காயப் போடுகிறது. சேலத்துக்காரர்களுக்குச் சொல்லியா தர வேண்டும்?

மூன்றாவதுதான் பெரியது. ஒரு பார்க்கில், வட்டமான கல் மேடையில். நாங்கள் போய்ச் சேரும்போது உச்சி நெருங்கிவிட்டது. மேடையின் ஓரத்தில் ஒரு கிழவர் கையில் பூண் போட்ட கோலுடன் உட்கார்ந்திருந்தார். சர்வேக்காரர்களுக்குச் சங்கிலி பிடித்து ஜில்லா முழுக்க நடந்தவராம்.

"நல்ல நாளாப் பாத்து வந்தீங்க" என்றார். "இன்னைக்கு உச்சியில நெழலே இருக்காதுங்க. சூரியன் நேரா மண்டைக்கு மேல வரும். வருசத்துல சித்திரையில ஒருக்கா, ஆவணியில ஒருக்கா."

கோலைச் செங்குத்தாக ஊன்றிப் பிடித்தார். நிழல் சுருங்கியது... சுருங்கியது... விரலளவு... நகத்தளவு... பிறகு இல்லை! கோல் நிற்கிறது, வெயில் கொளுத்துகிறது, தரையில் ஒன்றுமே இல்லை. இத்தனை சித்திரை பார்த்திருக்கிறேன். இதைப் பார்த்ததில்லை. குழந்தை மாதிரிக் கத்திவிட்டேன்.

தம்பியும் ஆசையாகப் பக்கத்தில் போய் நின்றான். அவனுக்கு மட்டும் முன்னால் கொஞ்சம் நிழல் விழுந்தது.

"நேரா நிக்கிறதுக்கு நெழல் கெடையாதுங்க" என்றார் கிழவர். "நெழல் தெரிஞ்சா, அது சாஞ்சிருக்குதுன்னு அர்த்தம்."

"தம்பி, நீ கோணலு!" என்று நான் சிரித்த சிரிப்பில் புறாக்கள் பறந்தன.

"நாளைக்கும் இப்படி இருக்குமுங்களா?"

"நாளைக்கும் கிட்டத்தட்ட இதேதான்."

போதாதா எனக்கு? திரும்பும் பஸ்ஸில் கால் தரையில் நிற்கவில்லை. ஊரில் இறங்கியதும் வீடு வீடாகச் சொல்லிவிட்டேன். நாளைக்கு உச்சியில் எல்லோரும் கிணற்றடிக்கு வாருங்கள். கல் சரியா, வாட்ச் சரியா, கண்ணால் பாருங்கள்.

பத்துப் பேர் வந்தார்கள். மாரிமுத்துவும் வாட்ச்சுடன் வந்தார். தம்பி கொத்தனாரின் தூக்குக் குண்டை வாங்கி வந்து, ஒரு கடப்பாரையைச் சரியாகச் செங்குத்தாக நட்டான். வாட்ச் பன்னிரண்டைத் தாண்டியது. கடப்பாரைக்கு நிழல் இருந்தது. வாட்ச்சில் மணி ஒன்றையும் தாண்டியது. நிழல் இன்னும் கொஞ்சம் இருந்தது. ஒன்றேகாலுக்குக் கடப்பாரையின் நிழல் காணாமல் போனது.

"பாத்தியா மாரிமுத்து? இதுதான் உச்சி!" என்றேன், ஊரே கேட்க.

எல்லோரும் என் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கல்லுக்கு நிழல் இருந்தது. மேற்கே, உள்ளங்கை அகலத்துக்கு.

கல் சாய்ந்திருந்தது. மேற்குப் பக்கம் என்ன இருக்கிறது? என் எருமையின் தீவனத் தொட்டி. எருமையை எதில் கட்டுவேன்? அந்தக் கல்லில்தான். எத்தனையோ வருஷமாகத் தொட்டிக்கு எட்டி எட்டி இழுத்திருக்கிறது. கல்லின் கழுத்தில் கயிறு அறுத்த தடம் பளபளவென்று இருந்தது. நிழல் கோட்டைத் தொட இன்னும் ஒரு நாழிகை, இருபத்து நாலு நிமிஷம், ஆனது — அதை மாரிமுத்துவின் வாட்ச்தான் அளந்து சொன்னது. அந்த ஒரு நாழிகைத் தண்ணீர் அவருடையது. தினம் தினம் என் பாத்தியில் பாய்ந்திருக்கிறது.

பத்துப் பேரையும் கூட்டி வந்ததே நான்தானே? தப்பிக்க இடம் ஏது?

"மாரிமுத்து" என்றேன். "இத்தனை வருசமா உன் தண்ணியை நானு குடிச்சிருக்கறேன் சாமி. தெரியாமத்தான். ஆனாலும் குடிச்சது குடிச்சதுதான்."

அவர் வாட்ச்சைப் பார்த்தார், எருமையைப் பார்த்தார். "உங்க எருமை ஒரு நாழி திருடுச்சு. என்ற வாட்ச்சு ஒண்ணேகால் மணி திருடுச்சுங்க நங்கையா. ரெண்டுல எதைக் கட்டிப் போடறது?"

முதலில் சிரித்தது தம்பிதான். பிறகு எல்லோரும் சேர்ந்து கல்லைத் தோண்டி எடுத்து, தூக்குக் குண்டு பிடித்து நேராக நட்டோம். வாட்ச் இப்போது கிணற்றடிக்கு வருவதில்லை. ரயிலுக்குப் போகும்போது மட்டும் கட்டிக்கொள்கிறார்.

ஆறு பாத்தியில் நாலு பிழைத்தது. அவருக்குத் திருப்பிக் கொடுத்த அந்த ஒரு நாழிகை இல்லாமல் மற்ற இரண்டுக்குத் தண்ணீர் போதவில்லை. காய்ந்த தாளை அறுத்து எருமைக்குப் போட்டேன். வேப்ப மரத்தடியில் நின்று, எனக்கென்ன என்பது போலத் தின்றுகொண்டிருக்கிறது.

நாமக்கல்லிலும் ஒரு வெயில் கடிகாரம் இருக்கிறதாம். சைக்கிளுக்குக் காற்றடிக்கச் சொல்லியிருக்கிறேன் — ஆனால் இந்தத் தடவை, ஊரைக் கூட்டுவதற்கு முன்னால் நான் தனியாக ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.