பச்சை ஹவுஸ்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒன்று கேட்டால் இரண்டாகச் சொல்லிவிடுவேன். நெய்வேலி டவுன்ஷிப்பில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு சேர்ந்த முதல் வாரமே அது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

தலைமையாசிரியை சிஸ்டர் ஒரு நீள நோட்டோடு வகுப்புக்கு வந்தார். முதல் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருந்தது நான்தான். என்னைத்தான் முதலில் எழுப்பி, "நீ எந்த ஹவுஸ்?" என்று கேட்டார்.

"எங்களுக்கு ஹவுஸ் இல்லீங்க சிஸ்டர். எங்கப்பா கான்ட்ராக்ட்டு" என்றேன்.

டவுன்ஷிப்பில் வளர்ந்த எந்தப் பிள்ளையும் இதைத்தான் சொல்லியிருக்கும் என்று இப்போதும் வாதாடுவேன். அங்கே பர்மனென்ட் ஆனவர்களுக்குத்தான் குவார்ட்டர்ஸ். எங்கள் அப்பாவைப் போல கான்ட்ராக்ட்டில் சுரங்கத்துக்குப் போகிறவர்கள் வெளியே வாடகைக்கு இருந்தார்கள். நாங்கள் வடலூர் போகும் சாலையில், ஷீட் போட்ட ஒற்றை அறையில் இருந்தோம். மழை வந்தால் என் புத்தகப்பை கட்டிலுக்கும், நாங்கள் ஒரு மூலைக்கும் இடம் மாறுவோம்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை. நோட்டில் என் பெயரை எழுதிக்கொண்டு, "இனிமே உனக்கு ஹவுஸ் உண்டு. பச்சை" என்றார். பிறகுதான் ஹவுஸ் என்றால் அணி என்பதும், பள்ளிக்கூடமே நான்கு நிறமாகப் பிரிந்து கிடப்பதும் எனக்கு விளங்கியது. கணக்கில் முதல் மதிப்பெண், பேச்சுப்போட்டி, கிறிஸ்துமஸ் பாட்டு, ஓட்டப்பந்தயம், எதில் ஜெயித்தாலும் நம் நிறத்துக்குத்தான் புள்ளி. வெள்ளிக்கிழமை மாலை பச்சை ஹவுஸ் பிள்ளைகள் எல்லோரும் மைதானத்தில் கூட வேண்டும் என்று சொன்னார்கள்.

அப்பா காலை ஷிப்ட் முடித்து வந்து பாயில் படுத்திருந்தார். நான் பையைக்கூட இறக்கவில்லை.

"அப்பா, நமக்கு ஹவுஸ் குடுத்துட்டாங்க."

அவர் எழுந்து உட்கார்ந்தார். "யாரு சொன்னது?"

"சிஸ்டருதான். இனிமே உனக்கு ஹவுஸ் உண்டுன்னு சொல்லி நோட்டுல எழுதிக்கினாங்க. பச்சை. வெள்ளிக்கிழமை வரச் சொன்னாங்க."

இன்னும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லியிருக்கலாம். மத்தியானம் நானே தடுக்கி விழுந்த வார்த்தையில் சாயங்காலம் அப்பாவும் விழுவார் என்று எனக்கு எப்படித் தெரியும்? என்னைச் சேர்க்கப் போன அன்று அப்பா சிஸ்டரிடம், பர்மனென்ட்டுக்கும் குவார்ட்டர்ஸுக்கும் எழுதிப்போட்டு வருஷக்கணக்காகிறது என்று சொல்லியிருந்தார். சிஸ்டர், "உங்களுக்காக வேண்டிக்கிறேன்" என்றிருந்தார். எங்கள் பஸ் போகும் வழியில் பச்சைக் கதவு போட்ட குவார்ட்டர்ஸ் வரிசை வேறு ஒன்று இருந்தது. அப்பாவுக்கு எல்லாம் கச்சிதமாகப் பொருந்திப்போய்விட்டது.

"வெள்ளிக்கிழமை நல்ல நாளுதான். பாலு காய்ச்சிடலாம்" என்றாள் அம்மா. பெரியவர்கள் என் பச்சை ஹவுஸை இவ்வளவு மதிக்கிறார்களே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை அப்பா சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கேரியரில் ஒரு பலாப்பழம். பண்ருட்டிப் பக்கத்துக் கூட்டாளி ஒருவரின் தோப்புக்கே போய் வாங்கி வந்தது. தீபாவளிச் சட்டை போட்டிருந்தார். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன். வராந்தாவில் நின்ற சிஸ்டரைப் பார்த்து அப்பா கையெடுத்துக் கும்பிட்டார்.

"உங்க புண்ணியத்துல வூடு கெடைச்சிருக்குதுங்க சிஸ்டர். எந்த ப்ளாக்குன்னு மட்டும் சொன்னீங்கன்னா, சாவி வாங்கிக்கினு போயி இன்னைக்கே பாலு காய்ச்சிடுவோம்."

சிஸ்டர் அப்பாவைப் பார்த்தார், பழத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு என்னிடம், "விளையாட்டு ரூம்ல பச்சைக் கொடி இருக்கும். போய் எடுத்துட்டு வா" என்றார்.

கொடியைத் தேடி எடுத்துக்கொண்டு நான் திரும்பியபோது, அப்பா தலைமையாசிரியை அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யார் வந்தாலும் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போகிற அறை அது. எதிரே சிஸ்டர் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். அப்பாவின் கண் சிவந்திருந்தது. சுரங்கத்துத் தூசிக்கு அவர் கண் அடிக்கடி சிவக்கும் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"உங்க ஹவுஸுக்கு உங்கப்பா பழம் கொண்டாந்திருக்கார். அவரே வெட்டித் தருவார்" என்றார் சிஸ்டர்.

வேப்பமரத்தடியில் செய்தித்தாளை விரித்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அப்பா பழத்தை வெட்டினார். பச்சை ஹவுஸ் வரிசையில் நின்றது. இன்ஜினியர் வீட்டுப் பெண்கள்கூட "தேங்க்ஸ் அங்கிள்" என்று சொல்லிச் சுளை வாங்கிக்கொண்டு போனார்கள். சிஸ்டரும் வரிசையில் கடைசியாக வந்து நின்று ஒரு சுளை வாங்கினார். அன்று என்னைவிடப் பெருமையானவள் டவுன்ஷிப்பிலேயே கிடையாது.

வீட்டில் அம்மா புதுப் பாத்திரத்தைக் கழுவி மஞ்சள் குங்குமம் வைத்திருந்தாள். அப்பா அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். பிறகு, "வாங்குன பாலு கெட்டுப்போவும்" என்று சொல்லி அந்தப் பாத்திரத்திலேயே காய்ச்சி, சர்க்கரை போட்டு எனக்கு முதல் டம்ளரைக் கொடுத்தாள்.

அந்த அறையில் என்ன நடந்தது என்று நான் வேலைக்குப் போன பிறகுதான் அப்பாவிடம் கேட்டேன். "அந்தம்மா எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாங்க. புள்ளைகிட்ட சரியா சொல்லியனுப்பாதது எங்க தப்புதான்னு சொன்னாங்க" என்றார். தப்பு பாதி என்னுடையது, பாதி அப்பாவுடையது. அதை முழுதாகத் தன் தலையில் போட்டுக்கொண்ட அந்த சிஸ்டருக்கு நான் ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

அந்த வருஷம் விளையாட்டு விழாவுக்கு அப்பா ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்தார். தொடர் ஓட்டத்தில் நான் மூன்றாவது ஆள். குச்சியைக் கீழே போடாமல் கொடுத்ததே என் சாதனை. திரும்பும்போது சைக்கிளை மிதித்துக்கொண்டே கேட்டார்.

"நம்ம ஹவுஸு எத்தினியாவது?"

"மூணாவதுப்பா."

"நாலுல மூணாவதா? பரவால்ல."

அதுவரை 'ஒங்க டீம்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். பலாப்பழம் வெட்டிய நாளிலிருந்து ஹவுஸ் என்ற வார்த்தையே அவர் வாயில் வரவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. மூணாவது வந்ததற்கு அப்பா திட்டவில்லை என்ற நிம்மதியில், கேரியரில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு வந்தேன். பச்சைக் கதவு வரிசை வந்ததும் அவர் வேகமாக மிதித்தார். வீட்டுக்குச் சீக்கிரம் போகத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.