இருபதுக்கு நான்கு

நீங்கள் படிக்கிற கதையில் உங்கள் அப்பாவைப் போன்ற ஒருவரை அடிபட்ட நாய் என்று எழுதியிருக்கிறது. ஆமாம், நாய்தான் என்று விடை எழுதினால் மதிப்பெண் உண்டு. இல்லை என்றால் கிடையாது. நீங்கள் என்ன எழுதுவீர்கள்? அவசரப்பட்டு வீரம் பேச வேண்டாம். அந்த மதிப்பெண் இல்லாமல் பல்கலைக்கழகத்தின் வாசலை மிதிக்க முடியாது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

சமோவாவில், சவாயி தீவின் தென்கரையில் பேருந்து ஓட்டும் செமிசியின் மகள் பெனினாவுக்குப் பதினேழு வயதில் இந்தக் கேள்வி வந்தது. கணக்கில் அவளை மிஞ்ச அந்தப் பள்ளியில் ஆள் இல்லை. நில அளவை படிக்க வேண்டும் என்பது ஆசை. எந்த நிலம் யாருடையது என்று கிராமத்துப் பெரியவர்கள் வாரக்கணக்கில் சண்டை போடுவதைப் பார்த்து வளர்ந்தவள் அவள். ஆனால் நிலத்தை அளக்கவும் ஆங்கிலத்தில் தேர்ச்சி வேண்டும். ஆங்கிலத்தில் தேற, செவ்வியல் சிறுகதைகள் பன்னிரண்டைப் படித்து, ஒன்றைப் பற்றித் 'தன் சொந்த எதிர்வினையை' எழுத வேண்டும்.

கதைகள் அவளுக்குப் பிடிக்காமல் இல்லை. ரயில் நிலையத்தில் மகனுக்காகக் காத்திருந்து, கடைசியில் யாரோ ஒருத்தியின் மகனை வீட்டுக்குக் கூட்டிப் போகும் தாயின் கதையைப் படித்து, ரயிலையே பார்த்திராத பெனினா அழுதாள். ஏழு கதைகள் இப்படிப் போயின. எட்டாவது கதையில் அவளுடைய ஊரே வந்தது.

பாய்மரக் கப்பலின் கேப்டன் ஒருவன் தீவில் இறங்குகிறான். பெரிய கூரையின் கீழே உட்கார்ந்து குடிக்கிறான். படகுக்காரன் ஒருவன் விளக்கைக் கொண்டுவருகிறான். கேப்டனின் முன்னால் வந்ததும் முதுகை வளைத்து, கையைத் தாழ்த்தி, ஏதோ முணுமுணுத்துக்கொண்டே கடந்து போகிறான். 'அடிபட்ட நாயைப் போல அவன் என் முன்னே ஊர்ந்தான். அந்தக் கணத்தில்தான் இந்தத் தீவு என்னுடையது என்று எனக்குப் புரிந்தது' என்கிறான் கேப்டன். கதையின் உச்சம் அதுதான். அந்த ஆண்டு வகுப்பு முழுவதும் எதிர்வினை எழுத வேண்டிய கதையும் அதுவே.

பெனினா அந்த வரியை மூன்று முறை படித்தாள். சனிக்கிழமை பேருந்தைக் கழுவிக்கொண்டிருந்த அப்பாவிடம் புத்தகத்தோடு போனாள். கதையை அவர் மொழியில் சொன்னாள்.

"அவ்வளவுதானா?" என்றார் செமிசி, டயரைத் தேய்த்தபடியே. "உட்கார்ந்திருக்கிறவங்க முன்னாடி போறப்ப குனிஞ்சு, 'துலோ'ன்னு சொல்லிட்டுப் போறோம். அது மரியாதைம்மா. எங்க அண்ணன் முன்னாடி நான் தினம் குனிஞ்சுதான் போறேன். அவனுக்குப் பயந்தா? போன வாரம்தான் பன்னிக்குட்டி விஷயத்துல அவன் சட்டையைப் பிடிச்சேன். பிடிக்கப் போறப்பவும் பெரியம்மா முன்னாடி குனிஞ்சுதான் போனேன்."

பெனினா சிரித்துவிட்டாள்.

"அந்தக் கேப்டனுக்கு யாரும் சொல்லித் தரலையா?"

"யாரையும் அவன் கேக்கலைப்பா."

"நீ எழுது. உங்கப்பன் சொன்னான்னே எழுது."

எழுதினாள். நாலு பக்கம். படகுக்காரன் பயப்படவில்லை, அவன் நாகரிகம் தெரிந்தவன், கேப்டன் தெரியாதவன். பயத்தைப் பார்க்க ஆசைப்பட்டவனுக்கு மரியாதையும் பயமாகவே தெரிந்தது. பெரியப்பாவின் சட்டையும் பன்றிக்குட்டியும் இரண்டாம் பக்கத்தில் இருந்தன. விளிம்பில் அப்பாவின் பெயரையும் குறித்திருந்தாள்.

இருபதுக்கு நான்கு வந்தது.

மரேதா டீச்சர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். அதே கரையில், இரண்டு கிராமம் தள்ளிப் பிறந்தவர்.

"மதிப்பீட்டுத் தாள்ல 'தீவு மக்களின் அச்சம்'னு இருக்கு. அதுக்குப் பத்து மார்க். 'மூடநம்பிக்கை'க்கு நாலு. நீ ரெண்டையும் தொடவே இல்லையே."

"சொந்த எதிர்வினைன்னுதானே டீச்சர் கேட்டாங்க? அதுக்கும் விடைத்தாள் வச்சிருக்காங்களா?"

"வச்சிருக்காங்க."

"அது யாரோட சொந்தம்?"

வகுப்பில் மற்ற இருபத்தைந்து பேரும் மாதிரி விடையை, குழந்தைகளுக்கான வெள்ளை ஞாயிறு திருநாளில் பிள்ளைகள் தேவாலயத்தில் வேத வசனம் ஒப்பிப்பதைப் போல, காற்புள்ளி பிசகாமல் எழுதியிருந்தார்கள். எல்லாருக்கும் பதினாறுக்கு மேல். சிந்திப்பதற்கென்று கட்டிய இடத்தில் சிந்தித்தவளுக்கு மட்டும் நான்கு. இதைக் கல்வி என்று சொல்லக் கூசாதவர்கள்தான் கல்வியை நடத்துகிறார்கள்.

"வியாழக்கிழமை வெளிநாட்டுலேருந்து மேற்பார்வையாளர் வர்றார்," என்றார் டீச்சர் மெல்ல. "அவர்தான் கடைசி முடிவு. உன் தாளை மேல வைக்கிறேன்."

பெனினா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் வாழ்ந்தாள்.

வியாழக்கிழமை வந்தவர் நல்ல மனிதர். இதைச் சொல்லியாக வேண்டும். எல்லாரிடமும் சிரித்துப் பேசினார். வகுப்பின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். விடைத்தாள் கட்டு அவருக்கு அந்தப் பக்கம், அலமாரியில் இருந்தது. மரேதா டீச்சர் அதை எடுக்கப் போனார். அவர் முன்னால் கடக்கும்போது முதுகை வளைத்து, கையைத் தாழ்த்தி, "துலோ" என்றார். பிறந்ததிலிருந்து உடம்பில் ஊறிய பழக்கம், யோசித்துச் செய்வதல்ல.

மேற்பார்வையாளர் கனிவாகச் சிரித்தார். "என்னைப் பார்த்து எதுக்குப் பயப்படறீங்க? நான் கடிக்க மாட்டேன்."

வகுப்பில் இருபத்தாறு பேரும் டீச்சரைப் பார்த்தார்கள். டீச்சர் கட்டை அவர் மடியில் வைத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றார்.

அவர் மேலே இருந்த தாளை நிதானமாகப் படித்தார். "பெனினா யாரு? நல்ல ஆங்கிலம். ஆனா நீ கதையை விட்டு வெளியே போயிட்டே. அவன் மரியாதைக்காகக் குனிஞ்சான்னு கதையில எங்கேயும் இல்லையே. ஆதாரம் வேணும்."

பெனினா எழுந்தாள். "ஆதாரம் இப்பத்தான் உங்க முன்னாடி நடந்து போச்சு சார்."

அவருக்குப் புரியவில்லை.

"டீச்சர், நீங்க சொல்லுங்க."

மரேதா டீச்சர் கையிலிருந்த சாக்பீஸ் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உட்காரு பெனினா," என்றார். அவர் குனிந்தபோது அவரிடம் பயம் இல்லை. நிமிர்ந்து நின்றுகொண்டு பேசாமலிருந்தபோதுதான் இருந்தது.

நான்கு நான்காகவே நின்றது. திருத்தி எழுத ஒரு வாய்ப்பு தந்தார், நல்ல மனிதர் அல்லவா. திங்கட்கிழமை பெனினா எழுதினாள்: 'தீவு மக்களின் அச்சமும் மூடநம்பிக்கையும் இக்காட்சியில் சிறப்பாக வெளிப்படுகின்றன.' எழுத முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பதினெட்டு கிடைத்தது. வகுப்பில் கைதட்டினார்கள்.

அன்று பேருந்தில் கூட்டம் நெரிந்தது. ஒருவர் மடியில் ஒருவராக உட்கார்ந்திருந்தார்கள். செமிசி கண்ணாடி வழியே மகளைப் பார்த்துக் கத்தினார். "எவ்வளவு?"

"பதினெட்டுப்பா."

"பாத்தீங்களா? நான் சொல்லிக் குடுத்தது," என்றார் பயணிகளிடம். பன்றிக்குட்டிக் கதையை ஒரு வாரமாக எல்லா நிறுத்தத்திலும் சொல்லி வைத்திருந்தார். "நான் சொன்னதை அப்படியே எழுதினியா?"

"எழுதினேன்பா."

"அண்ணன் சட்டையைப் பிடிச்சது?"

"அதையும்."

பின்னாலிருந்து யாரோ, "இனிமே பரீட்சை செமிசியையே எழுதச் சொல்லுங்கப்பா" என்றார்கள். பேருந்தே சிரித்தது. யாரோ ஒரு பெண்ணின் மடியில் உட்கார்ந்திருந்த பெனினா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் இப்போது தலைநகர் ஆப்பியாவில் நில அளவை படிக்கிறாள். பள்ளியை விட்டுப் போகும் முன் புத்தகத்தைத் திருப்பித் தர வேண்டியிருந்தது. எட்டாவது கதையின் ஓரத்தில் அவள் பென்சிலால் எழுதியிருந்தாள்: 'இவன் பயப்படவில்லை. எங்கள் ஊரில் கேளுங்கள்.' குறிப்புகளை அழித்தால்தான் சான்றிதழ் என்பது பள்ளியின் விதி. அலுவலகத்தின் முன்னால் நின்று, ரப்பரால் தேய்த்து, தூளை ஊதிவிட்டுக் கொடுத்தாள். இந்த ஆண்டு அதே புத்தகத்தை வேறொரு பிள்ளை படிக்கிறது, சுத்தமான ஓரத்தோடு.

உங்கள் வீட்டுப் பிள்ளையின் பாடப்புத்தகத்தை இன்றைக்கே வாங்கிப் பாருங்கள். உங்களைப் போன்றவர்களைப் பற்றிப் பொய் எழுதிய வரி ஒன்றாவது அதில் இருக்கும். அதன் பக்கத்தில் உண்மையை எழுதுங்கள். பென்சில் வேண்டாம், பேனாவால் எழுதுங்கள்.