கவரின் அளவு

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் கவர் அக்கா. மொபைல் நிறுவனத்தில் டேட்டா போகும் வழியைப் பார்த்துக்கொள்பவர். என்ன வேலை என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "உங்க போன் போட்டோவைத் துண்டு துண்டா வெட்டும். டவர்ல ஒவ்வொரு துண்டையும் கவர்ல போட்டு எங்க மெஷினுக்கு அனுப்புவாங்க. நாங்க கவரைப் பிரிச்சு இன்டர்நெட்டுல விடுவோம்."

இந்தப் பிரிக்கிற வேலை இதுவரை தொலைவில் ஒரு மையத்தில் நடந்துவந்தது. அன்று காலை பதினோரு மணிக்கு ஊருக்குள்ளேயே வைத்த புது மெஷினுக்கு மாறியது. முதலில் மாறிய பகுதியில்தான் அவர் வீடு. சோதனைகள் அத்தனையும் பச்சை. மேலாளர் கைதட்டினார்.

பதினொன்றரைக்கு வீட்டிலிருந்து தங்கையின் அழைப்பு.

"அக்கா, சான்றிதழ் ஏறவே மாட்டேங்குது! பன்னெண்டு மணிக்கு விண்ணப்பத்த மூடிடுவான்!"

"மெசேஜ் போகுதா?"

"உன்னைத் திட்டி நாலு போட்டேனே, வரலையா?"

நாலும் வந்திருந்தன.

"எல்லாம் பச்சையா இருக்கேம்மா. உங்க தங்கச்சி போன்ல கோளாறா இருக்கும்" என்றார் மேலாளர்.

"திட்டு வருது சார், சான்றிதழ் ஏறல. சின்னது போகுது, பெருசு போகல."

பச்சை விளக்கு, கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். அதுவரை சோதனைக்கு அனுப்பியதெல்லாம் பொடித் துண்டுகள். இப்போது முழு அளவுத் துண்டு ஒன்றை அனுப்பினார். பதிலே இல்லை. வழியில் கவர்களைக் கடத்திவிடும் புது ஸ்விட்ச் எவ்வளவு பெரியதை உள்ளே விடும் என்ற வரம்பைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். துண்டு நுழைய இடம் இருந்தது. கவரோடு நுழைய இல்லை. அந்த வரம்பை எழுதிக் கொடுத்தவர் அவரேதான்.

"வருஷக்கணக்கா கவர் கவர்னு கத்துறவ, கவரோட அளவைக் கூட்டாம விட்டுட்டேன் சார்."

அவரைப் பெரிய மேதை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தன் பிழையை, கண்ட கணமே தன் பிழை என்று சொன்னார். அது அரிது.

"பழைய வழிக்கே திருப்பிடலாமா?"

"அதுக்கு நாப்பது நிமிஷம் ஆகும். வரம்பை ஏத்த ஒரே வரிக் கட்டளைதான். அந்தப் பகுதியில எல்லாருக்கும் இதே கதி சார்."

"ஏத்தினதும் லைன் படுத்துட்டா?"

"இப்பவும் படுத்துத்தானே கெடக்கு!"

மேலாளர் சிரித்துவிட்டார். "போடுங்கம்மா."

மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. எண்டரைத் தட்டினார். திரையில் அந்தப் பகுதியின் டேட்டா அளவைக் காட்டும், தரையோடு தரையாகக் கிடந்த கோடு ஒரு கணம் தயங்கியது. பிறகு விறுவிறுவென்று ஏறியது. அறையே எழுந்து நின்றது.

ஐம்பத்தேழுக்குத் தங்கையின் மெசேஜ்: "போயிடுச்சு! திட்டினதெல்லாம் வாபஸ்."

அக்கா பதில் போட்டார்: "வாபஸ் வாங்காத. அந்த நாலு திட்டுலதான் கண்டுபிடிச்சேன்."