கப்பலா, கடலூரா

நாகரத்தினம் நியூ ஜெர்சியில் இருபத்தேழு வருடம் மாத்திரைகளைச் சோதித்தவர். ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடம், பிளெய்ன்ஸ்பரோவில் ஓர் அபார்ட்மென்ட், ஒரு பழைய கார். ஓய்வு பெற்ற பின் சனிக்கிழமைகளில் பிரின்ஸ்டன் போர்க்களத்தைச் சம்பளமில்லாமல் சுற்றிக் காட்டினார். அமெரிக்கப் புரட்சி நடந்த அந்தப் புல்வெளியில் நின்றுகொண்டு அவர் அதிகம் பேசியது தன் சொந்த ஊரான கடலூரைப் பற்றி.

"இந்த அமெரிக்காக்காரங்க தனியா ஜெயிச்சுட்டாங்கன்னா நினைக்கறீங்க?" என்று ஆரம்பிப்பார். "பிரான்ஸ் ஒரு பக்கம், ஸ்பெயின் ஒரு பக்கம், ஹாலந்து ஒரு பக்கம். இங்கிலீஷ்காரன் எத்தனை இடத்துக்குத்தான் கப்பல் அனுப்புவான்? கை ஓஞ்சுபோய் விட்டுட்டான். 1812ல மறுபடி சண்டை. அப்பவும் அவனுக்குப் பெரிய தலைவலி நெப்போலியன்தான். அங்க அந்தக் கதை முடிஞ்சதும் இங்க சண்டை போடக் காரணமே இல்லாமப் போச்சு. இந்த ஊர் சுதந்திரம் நிலைச்சதே ஐரோப்பாக்காரன் அடிச்சுக்கிட்டதாலதான்."

சுற்று நாற்பது நிமிடம். பன்னிரண்டாவது நிமிடம் கடலூர் வரும். இந்தப் போரின் கடைசிச் சண்டைகளில் ஒன்று அங்கேதான் நடந்தது. 1783 ஜனவரியிலேயே பிரான்சும் இங்கிலாந்தும் சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டன. சேதி வராததால் ஜூனில் கடலூர்க் கோட்டையைச் சுற்றி வெட்டிக்கொண்டு செத்தார்கள். செத்தவர்களில் நம் சிப்பாய்களும் உண்டு. சமாதானச் சேதியைக் கொண்டுவந்த கப்பலை நாற்பதாவது நிமிடத்துக்குத்தான் வைத்திருப்பார். குரலைத் தாழ்த்திச் சொல்வார்: "அப்புறம்தான் கப்பல் வந்துச்சு." அதோடு சுற்று முடியும்.

"சார், பாஸ்போர்ட் இல்லாமலே வாராவாரம் கடலூர் போயிட்டு வர்றீங்க" என்பார் தாமரைச்செல்வி ஆன்ட்டி. பக்கத்து அபார்ட்மென்ட். அவரும் போர்க்களத்துக்கு உதவிக்குப் போவார்.

மகள் யாமினிக்கு டெக்சாஸில், ஃபிரிஸ்கோவில் நெட்வொர்க் வேலை. ஒரு தகவல் எத்தனை மில்லி செகண்ட் தாமதமாகிறது என்று அளப்பதுதான் அவள் தொழில்.

போன வருடம் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது யாமினியின் குழு புது டேட்டா சென்டருக்கு மாறிக்கொண்டிருந்தது. "சும்மா செக்கப்தான்மா" என்று நாகரத்தினம் நான்கு நாள் சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்தாவது நாள் உண்மையைச் சொன்னார். விமானம் நியூவார்க்கில் இறங்குவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

"நாலு நாள் ஒளிச்சு வெச்சீங்கப்பா."

"உன் வேலை கெடக் கூடாதுன்னு..."

"உங்களை யாரு கேட்டா?"

பிறகு பதினான்கு மாதம் அவள் பேசவில்லை.

ஒரு நாள் கோபம் போய்விட்டது. ஏன் என்று அவளுக்கே தெரியாது. 'அப்பா, கோபம் போயிடுச்சு. வெள்ளிக்கிழமை வர்றேன்' என்று வாட்ஸ்அப்பில் எழுதினாள். அனுப்பவில்லை. மூன்று வாரம் அது அப்படியே கிடந்தது. ஒரு சனிக்கிழமை, நியூ ஜெர்சியில் மணி 9:41 ஆனபோது, அனுப்பினாள். உடனே இரண்டு சாம்பல் டிக் விழுந்தது. நீலமாகவில்லை.

10:12க்கு நாகரத்தினம் புல்வெளியில் சரிந்தார். ஆம்புலன்ஸ் வந்தபோது உயிர் இல்லை.

எல்லாம் முடிந்து, பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்ட்டில் யாமினி கணக்குப் போட்டாள். சுற்று தொடங்குமுன் அப்பா போனை அணைத்துவிடுவார். சுற்று பத்து மணிக்கு. ஆக, பத்தொன்பது நிமிடம் சேதி அவர் போனில் இருந்திருக்கிறது. அணைக்கும்போது திரையைப் பார்த்திருப்பார். ஆனால் படிக்கும் கண்ணாடி காரில் கிடந்தது.

தாமரைச்செல்வி ஆன்ட்டி ரசம் கொண்டுவந்தார். "ஒரு வாய் சாப்பிடு கண்ணு."

"கடைசியா என்ன சொன்னார் ஆன்ட்டி?"

"அன்னிக்குத் தமிழ் ஸ்கூல் பிள்ளைங்க வந்திருந்தாங்க. தமிழ்லதான் பேசினார். திடீர்னு என் பக்கம் திரும்பி, 'கப்பல் வந்துச்சு'ன்னார். உக்காந்தார்."

யாமினி நிமிர்ந்தாள். பன்னிரண்டாவது நிமிடத்தில் கடலூர்தான் வரும், கப்பல் வராது. வரவே வராது.

"கப்பலா? கடலூர்னு சொல்லலையே?"

ஆன்ட்டி தட்டை வைத்தார். "கடலூர்னாரோ? மூச்சு வாங்குச்சும்மா. 'க'ன்னு கேட்டுது."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க ஆன்ட்டி. கப்பலா, கடலூரா?"

ஆன்ட்டி முந்தானையில் கையைத் துடைத்தார். "'க' மட்டும்தான் கண்ணு நிச்சயம். மீதி எல்லாம் எத்தனையோ வாரம் கேட்டதால என் வாயில தானா வருது. அதுக்கு மேல சொன்னா அது சார் சொன்னதா இருக்காது, நான் சொன்னதாயிடும்."

அவர் போன பிறகு யாமினி அப்பாவின் போனை இயக்கினாள். பூட்டிய திரையில் அவளுடைய வரி நின்றது. பூட்டைத் திறக்கும் எண் அவளுக்குத் தெரியும்: 1783. திறந்து சேதியைத் தொட்டால் போதும். மேஜைமேல் இருக்கும் அவளுடைய போனில் இரண்டு டிக்கும் நீலமாகும். அப்பா படித்துவிட்டார் என்று அது சொல்லும்.

ஒன்று, ஏழு, எட்டு என்று அழுத்தினாள். விரல் நின்றது. அழித்தாள்.

போனைச் சார்ஜரில் மாட்டி, அப்பா வழக்கமாக வைக்கும் இடத்தில், அடுப்பு மேடை ஓரமாக வைத்தாள். காலையில் பார்த்தபோது நூறு சதவீதம் ஏறியிருந்தது. வரி அப்படியே இருந்தது.