சுரங்கப்பாதை வேண்டாமென்ற மனு

சூளகிரிக்கு அருகே நெடுஞ்சாலையோரம் லாரி ஓட்டுநர்களுக்கான உணவகம் ஒன்றை நடத்தி வருகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன்; நாளிதழ்களைப் படித்தே எழுதப் பழகினேன். எங்கள் ஊரில் மனு எழுத என்னிடமே வருவார்கள். அதில் எனக்குச் சற்றுச் செருக்கும் உண்டு.

துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகளுக்காகச் சாலையை ஆறு வழியாக்கியபோது, எங்கள் பேருந்து நிறுத்தத்தில் மக்கள் கடக்க ஒரு சுரங்கப்பாதையும் வரைபடத்தில் இருந்தது. அதற்குச் சாலையை உயர்த்த வேண்டும். உயர்த்தினால் லாரிகள் எங்கள் கடைகளைத் தாண்டி மேலாகவே போய்விடும். கடைக்காரர்கள் கூடினோம். பொதுப்பணத்தை வீணாக்காமல், தேவையுள்ள வேறிடத்தில் செலவிடுமாறு வேண்டி நான் எழுதினேன். வியாபாரம் என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை. அந்தத் திறமையை எல்லோரும் பாராட்டினர். சுரங்கப்பாதை கைவிடப்பட்டது.

சென்ற ஆண்டு, பக்கத்து வீட்டுப் பெண்மணி எதிர்ப்புறம் நின்ற கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கச் சாலையைக் கடக்கையில் வேன் மோதிக் கால் முறிந்தார். இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார். அவருக்குப் பதிலாக அவர் மகள் வேலைக்குப் போகிறாள். அதே இடத்தில்தான் கடக்கிறாள். ஆகவே சுரங்கப்பாதை கேட்டுக் குறைதீர் கூட்டத்துக்குப் புறப்பட்ட அந்தத் தாய், பேசுவதற்கு என்னையும் அழைத்தார். பழைய மனுவைப் பற்றி அவர் அறியார். நானும் சொல்லவில்லை.

வெளிநாடு செல்லும் சரக்கு விரைந்து போக நிதி ஒதுக்கும் அரசுக்கு, குறுக்கே நடக்கும் மனிதரைக் காப்பதும் கடமை என்று பேசினேன். சாலைப் பொறியாளர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு பழைய மனு இருந்த கோப்பைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

"ஐயா, இது உங்க கையெழுத்துதானே?"

ஆம் என்றேன். அந்தப் பெண்மணி மனுவை முழுவதும் படித்தார். என்னைப் பார்க்கவில்லை, பொறியாளரிடம்தான் பேசினார்.

"கடக்காரரு கடயப் பாத்து எழுதிட்டாரு சார். அவரு வேணாம்னா நீங்க உட்டுருவீங்களா? ரோடு அவரா போடறாரு?"

நான் சொல்லியிருக்க வேண்டிய வாதம் அது.

பழைய மனுதாரர்கள் எழுத்துமூலம் மனுவைத் திரும்பப் பெற்றால் மேலிடத்துக்கு மீண்டும் எழுதலாம் என்றார் பொறியாளர். அன்றே எழுதினேன்: கடைக்கு ஆள் வராமல் போகும் என்றுதான் சுரங்கப்பாதையை மறுத்தோம். கீழே முதலில் நான் கையெழுத்திட்டேன். மற்ற கடைக்காரர்களோ தாளைப் படித்துவிட்டுத் திருப்பித் தருகிறார்கள்.

"இத்த வேற மாதிரி எழுதக் கூடாதாண்ணா?" என்கிறார்கள்.

காலையில் அந்த மகள் சாலையோரம் வந்து நிற்கும் வேளையில், நான் சமையற்கட்டுக்குள் போய்விடுகிறேன்.