சிரித்துக்கொண்டே செத்த சிப்பாய்

எனக்குப் போர்ச் சித்திரக் கதைகள் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் திட்டப்போவதைப் படித்துவிட்டு, இவனுக்கு இந்தப் புத்தகங்களே ஆகாது போல என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ராணுவத்தில் இருந்தபோது பிடித்த பழக்கம். இப்போது போடியில் ஜீப் ஓட்டுகிறேன். விடியுமுன் ஏலத்தோட்டத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக மேலே கேரளத்துக்குப் போனால், சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருகிற வரைக்கும் எனக்கு வேறு சோலி கிடையாது. வண்டியை நிழலில் போட்டுவிட்டுப் படிப்பேன். தோட்டத்துக் கங்காணி ஒரு மலையாளி. என்னைப் பார்க்கும்போதெல்லாம், "எந்தா சேட்டா, பிள்ளேருடெ புஸ்தகமா?" என்று சிரிப்பான். "ஆமாய்யா, சண்டைக்குப் போறதும் பிள்ளைகதான்" என்பேன். அவனுக்குப் புரியாது. புரியாவிட்டால் போகட்டும்.

பனிமலையில் காவல் இருந்த காலத்தில் யாரோ விட்டுப்போன ஒரு கட்டுப் புத்தகம் எங்கள் கூடாரத்தில் கிடந்தது. தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் நானும் ராசிங்காபுரத்துக்காரன் ஒருவனும்தான். பக்கத்து ஊர்க்காரன் என்பதால் முதல் நாளே மாப்ளே மாப்ளே என்று ஒட்டிக்கொண்டோம். கையுறையைக் கழற்றினால் விரல் விறைக்கும், போட்டால் தாள் புரட்ட முடியாது. ஒருவன் புரட்ட, ஒருவன் வாசிக்க என்று முறை வைத்துக்கொண்டோம். அந்தக் கட்டில் பாதி குப்பை. தனியாளாகப் போய் ஒரு பட்டாளத்தையே அழித்துவிட்டுத் தலைமுடி கலையாமல் திரும்பி வருகிறவனின் கதைகள். "இந்த எடுபட்ட பய எப்படா சோறு திம்பான், எப்படா வெளிக்கிப் போவான்?" என்று நான் கத்துவேன். ஆனால் ஒரு கதை இருந்தது. சமையல்காரன் ஒருவன் சூப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு பதுங்குகுழி வழியாக முன்வரிசைக்குப் போகிறான். சேற்றில் வழுக்கி வாளி கவிழ்ந்துவிடுகிறது. உட்கார்ந்து அழுகிறான். அவ்வளவுதான் கதை. ஒரு குண்டுகூட வெடிக்காது. அதை வரைந்தவன் நிச்சயம் ஒருநாளாவது அந்தச் சேற்றில் நின்றிருக்க வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் சத்தியம் செய்தோம்.

அந்த ராசிங்காபுரத்துக்காரன் திரும்பி வரவில்லை. அவன் சண்டையில் சாகவில்லை. அன்று சண்டையே நடக்கவில்லை. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது, பனிப்புயலில் ஹெலிகாப்டர் வர முடியவில்லை, கூடாரத்துக்குள் என் மடியில் செத்தான். இதில் யார் குற்றமும் இல்லை. குளிருக்கு நண்பனும் தெரியாது, எதிரியும் தெரியாது.

சவப்பெட்டியோடு நான் ஊருக்கு வந்த அன்றே அவனுடைய அண்ணன் என்னை மாட்டுக்கொட்டத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். ஏலக்காய் வியாபாரி. துக்க வீட்டிலும் சட்டைக் கஞ்சி கலையாமல் நின்றவர் அவர் ஒருவர்தான்.

"மாப்ளே, குளிர்ல செத்தான்னு வெளிய சொல்லிராத. கேவலமா இருக்கும். எதிரிகளச் சுட்டுட்டுத்தான் விழுந்தான்னு ஊருல சொல்லிட்டேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெட்டி பக்கத்திலேயே இருந்ததால் அடக்கிக்கொண்டேன். "நீங்க என்னமும் சொல்லிக்கங்கண்ணே. அவன் பொண்டாட்டி எங்கிட்ட வந்து கேட்டா, நான் உள்ளதைத்தான் சொல்லுவேன்" என்றேன்.

அவளை எங்கே கேட்க விட்டார்? நான் அந்த வீட்டுக்குப் போனபோதெல்லாம் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தம்பி சுட்ட கதையை என்னிடமே சொல்வார். பக்கத்தில் இருந்தவன் நான், கதை சொல்கிறவர் அவர்! அவள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். கொஞ்ச நாளில் போடியில் ஏலக்காய் மூட்டை அடுக்குகிற ஒரு கிட்டங்கிக்குக் காய் பொறுக்கும் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். பென்ஷன் வருகிறதே, எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்களிடம், வீட்டில் இருந்தால் மாமா பேச்சைக் கேட்க வேண்டியிருக்கிறது என்று சொன்னாளாம். புருசனின் அண்ணனை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

இந்த வருடம் நினைவு நாளுக்கு ஒரு மாதம் இருக்கையில் அண்ணன் ஜீப் ஸ்டாண்டுக்கே வந்தார். கையில் பளபளவென்று ஒரு புத்தகம். வார்டு தேர்தலில் நிற்கப்போகிறார் என்று ஊரெல்லாம் பேச்சு.

"தம்பியப் பத்திப் படக்கதை போட்டிருக்கேன் மாப்ளே. இது சாம்பிள்தான். நீதான் இந்த மாதிரிப் புத்தகமெல்லாம் படிக்கிற ஆளு. பார்த்துச் சொல்லு. அன்னைக்கு மேடையேறி, நான் பக்கத்துல இருந்தேன், இப்படித்தான் நடந்துச்சுன்னு ரெண்டு வார்த்தை பேசணும்."

புரட்டினேன். ஐயோ! பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஃபிளெக்ஸ் கடையில் கொடுத்துச் செய்திருக்கிறார். சடங்குக்கும் சாவுக்கும் பேனர் அடிக்கிறவனுக்கு வேலை செய்ய ஒரு போட்டோ வேண்டும். தம்பியின் நல்ல போட்டோ என்று அந்த வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று, தங்கச்சி மகளின் காதுகுத்தில் தாய்மாமனாக உட்கார்ந்து எடுத்தது. அந்த முகத்தை வெட்டி எல்லாக் கட்டத்திலும் ஒட்டியிருந்தான். துப்பாக்கி பிடிக்கையில் சிரிக்கிறான். பள்ளத்தில் உருளும்போது சிரிக்கிறான். நெஞ்சில் குண்டு பாய்ந்து ரத்தம் கொட்டுகிறது, பந்தியில் பாயசம் வாங்குகிறவன் மாதிரி சிரிக்கிறான். கன்னத்துச் சந்தனத்தைச் சில கட்டங்களில் அழிக்க மறந்துவிட்டான். ஒரு கட்டத்தில் அந்தப் பிள்ளையின் கை மட்டும் அவன் சட்டைக் காலரைப் பிடித்தபடி போர்முனை வரைக்கும் வந்திருந்தது. பனிமலைக்கு எங்கள் பக்கத்துக் குரங்கணி மலையையே படம் எடுத்து வெள்ளை பூசியிருந்தான். பூச்சுக்கு அடியில் காப்பிச் செடி தெரிந்தது. எதிரிகள் எல்லாருக்கும் ஒரே முகம், ஃபிளெக்ஸ் கடைக்காரனின் மச்சினன் முகம். ஏதோ குடும்பத் தகராறு போல.

கடைசிப் பக்கத்தில் சாகிறவன் மூச்சு விடாமல் பேசுகிறான். தாய்நாடு, தாய்மண் எல்லாம் முடித்துவிட்டு, 'என் அண்ணன் இருக்கிறார், ஊரை அவர் பார்த்துக்கொள்வார்' என்கிறான். அப்புறம்தான் தலை சாய்கிறது.

"எப்பிடி?" என்றார் அண்ணன்.

"செத்தவனை ஓட்டுக் கேக்க வச்சிருக்கீங்க."

"ஏன் மாப்ளே கொணட்டுற, எடக்காவே பேசுற? அவன் பேரு நாலு சனத்துக்குத் தெரியணும்ல?"

"பேரு தெரியும், அவனத் தெரியாதே! அவனுக்குக் குளிரு இல்லை, பசி இல்லை, பயம் இல்லை. இது உங்க தம்பியாண்ணே? அவன் மூச்சுக்குத் தவிச்சுத் தவிச்சுச் செத்தான். அதை வரையத் துப்பில்லைன்னா சும்மா இருங்க. நான் மேடையேற மாட்டேன். ஏறுனா, இது பூராம் பொய்யின்னு மைக்குல சொல்லுவேன்."

ஸ்டாண்டில் இருந்த மற்ற டிரைவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "உசுரோட திரும்பி வந்தவனுக்குத் திமிரப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த ஒரு சொல் என்னை அறைந்தது. அன்று கொண்டை ஊசி வளைவுகளில் நான் வண்டி ஓட்டிய லட்சணத்துக்குப் பின்னால் இருந்த பெண்கள் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டார்கள்.

அந்த வாரத்திலேயே கேரளத்தில் ஹர்த்தால் என்று எல்லாவற்றையும் அடைத்துவிட்டார்கள். வண்டி மேலே போகவில்லை. ஸ்டாண்டில் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தபோது ராசிங்காபுரத்துக்காரன் பொண்டாட்டி போன் செய்தாள். "அண்ணே, டீக்கு விடுற நேரத்துல கிட்டங்கிக்கு வர்றீங்களா? வெரசா வாங்க, கொஞ்ச நேரந்தான் விடுவாக."

போனேன். உள்ளே பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, வெடித்த காயையும் கறுத்த காயையும் பிரித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவள் தலையில் கட்டிய துண்டோடு வெளியே வந்தாள். கையில் அதே புத்தகம்.

"மாமா குடுத்துட்டுப் போனாரு. மேடையில நாந்தான் முதல்ல வாங்கிக்கிரணுமாம்." கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். "இதுல நாடு வருது, ஊரு வருது, மாமாகூட வர்றாரு. நான் வரல. என்னைய அம்புட்டு லேசா மறந்துட்டாராண்ணே? ராத்திரி பூராம் இதையே பார்த்துக்கிட்டுக் கிடந்தேன். நீங்க பக்கத்துல இருந்தீக. என்னையப் பத்தி ஒரு வார்த்தை சொன்னாரா, இல்லையா? ஆறுதலுக்குப் பொய் சொன்னீகன்னா நல்லா இருக்க மாட்டீக."

கடைசியில் கேட்டுவிட்டாள். சொல்வேன் என்று வீறாப்பாகத் திரிந்தவன் நான், இப்போது ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லித் தப்பிவிடலாமா என்று பார்த்தேன். புத்தகத்தில் இருப்பது பொய்யென்றாலும் கேட்க இதமான பொய். என்னிடம் இருந்தது அப்படி இல்லை.

"சொன்னான் ஆத்தா. ஆனா நல்ல வார்த்தையாச் சொல்லல."

"என்னத்தையோ, சொல்லுங்க."

"பேச முடியுற வரைக்கும் எல்லாரையும் வஞ்சான், வாய்க்கு வந்தபடி திட்டுனான். எலிகாப்டர்காரன வஞ்சான். பட்டாளத்துக்குப் போன்னு தள்ளிவிட்ட உங்க மாமாவ வஞ்சான். நெஞ்ச இன்னும் அழுத்திப் பிடிறா நாயேன்னு என்னைய வஞ்சான். அப்புறம் ஒன்னைய. 'அந்தக் கூறுகெட்ட சிறுக்கி ஊருக்கே காணுற மாதிரி அதிரசத்தைக் கட்டிக் குடுத்தாளே, காதுக்கு ஒரு குல்லா எடுத்து வச்சாளாடா'ன்னான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அதுக்கப்புறம் பேச்சு வரல. மூச்சுக்கு இழுத்துக்கிட்டுக் கிடந்தான். விடியும்போது போயிட்டான்."

சொல்லி முடித்துவிட்டு, தரையைப் பார்த்தேன். அழப்போகிறாள், அல்லது என்னை அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"நானா எடுத்து வைக்கல?" என்றாள்.

நிமிர்ந்தேன். அவள் முகம் சிவந்திருந்தது.

"நானாண்ணே எடுத்து வைக்கல? பைக்குள்ள மொத சாமானா அதைத்தான் வச்சேன்! இதைப் போட்டா பொம்பள மாதிரி இருக்குன்னு கட்டில்ல தூக்கி எறிஞ்சுட்டுப் போனது யாரு? பஸ்சு ஏறுற வரைக்கும் பின்னாலயே கெஞ்சிக்கிட்டு ஓடுனேனே! செய்யிறதையும் செஞ்சுட்டு, சாகப்போற நேரத்துலயும் பழிய என் தலையிலயே போடுறாரா? நல்ல மனுசன்! நல்லா இருக்கே நியாயம்!"

பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் வாசலுக்கு எட்டிப் பார்த்தார்கள். அவள் நிறுத்தவில்லை. மறுவீட்டுக்குப் போன அன்று செருப்பைத் தொலைத்துவிட்டு அவளைத் திட்டியதிலிருந்து ஆரம்பித்து வரிசையாக அவனைப் பிடிபிடியென்று பிடித்தாள். கண்ணீர் தாரை தாரையாக ஓடிக்கொண்டிருந்தது. அவன் செத்த பிறகு அவள் அவனைப் பற்றிப் பேசி நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை. நானும் அழுதேன். வெட்கமெல்லாம் பார்க்கவில்லை.

பிறகு துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்து மாமாவைக் கூப்பிட்டாள். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"மாமா, இந்தப் புத்தகத்தை நான் வாங்க மாட்டேன். அவரு கூட இருந்த அண்ணன் எல்லாம் சொல்லிட்டாக. கடைசியில அவரு என்னைய வஞ்சாராம். அதைப் போடுங்க, வந்து வாங்கிக்கிறேன்."

"கூறு கெட்டுப் போச்சாம்மா ஒனக்கு?" என்றார் அண்ணன். "நாட்டுக்காகச் செத்தவன் பொண்டாட்டிய வஞ்சான்னா போடச் சொல்ற? ஊரு என்ன சொல்லும்?"

"ஊரையா வஞ்சாரு?" என்றாள் அவள். "என்னையத்தானே மாமா வஞ்சாரு. வஞ்சுட்டுப் போகட்டும்."