கழலாத ஒட்டுப்பலகை

கந்தப்பனை உட்கார வைக்க யாராலும் முடிந்ததில்லை. டீயை நின்றபடி குடிப்பார், சோற்றுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நடப்பார். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை அவருடையது. பக்கத்துக் கொட்டகையில் லாரிகளுக்குப் பெயின்ட் அடித்துப் பெயர் எழுதுகிறவன் நான். "காலில் சக்கரம் கட்டிவிட்டார்களா?" என்று கேலி செய்வேன். பின்னாளில் அப்படிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

எழுபத்தெட்டாம் வருடம் அவர் ஒரு வேலை செய்தார். பஞ்சு ஏற்றும் கம்பெனிகளுக்கு ஒரே நடையில் நிறையப் போக வேண்டும். சட்டமோ பாடி இவ்வளவு உயரம், இவ்வளவு அகலம்தான் என்றது. கந்தப்பன் பாடியின் மேல் ஒன்றரை அடிக்கும் பக்கவாட்டில் நாலு அங்குலத்துக்கும் பலகை ஒட்டி, போல்ட் போட்டு முடுக்கினார். வருடத்துக்கொரு முறை ஆர்.டி.ஓ. ஆபீஸில் லாரியை எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்குக் காட்டும் நாளில், காலையில் கழற்றி மாலையில் மாட்டிவிடலாம். கந்தப்பன் ஒட்டு என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. மனுசனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒட்டு தெரியாதபடி பெயின்ட் அடித்தவன் நான்தான். அந்தக் காசில் நானும் சோறு தின்றேன், மறைக்க மாட்டேன்.

எண்பத்து மூன்றில் அவர் மனைவி வசந்தாமணியின் தம்பி அப்புசாமி, சென்னியப்பனின் கம்பெனியில் டிரைவராகச் சேர்ந்தான். பதினொரு லாரி உள்ள கம்பெனி, பதினொன்றிலும் கந்தப்பன் ஒட்டு. மூன்றாம் மாதம் பட்டறைக்கு வந்தவன் முகம் வெளுத்திருந்தது.

"தொப்பூர் இறக்கத்துல ஒசரத்து லோடுல காத்து அடிச்சுதுங்க மச்சான். இடது பக்கத்துச் சக்கரம் தரைய உட்டு எந்திரிச்சிருச்சு. சாமி புண்ணியத்துல ஊடு வந்து சேந்தேன்."

"அந்த வண்டிய உட்டுட்டு வந்துரு மாப்ளே."

"வேற எந்த வண்டிக்குப் போறதுங்க? எல்லாத்துலயும் உங்க ஒட்டுத்தான இருக்குது!"

அன்றே கந்தப்பன் சென்னியப்பனிடம் போய், பலகையைக் கழற்றித் தருகிறேன், கூலி வேண்டாம் என்றார். "மாட்டுனவனே கழட்டச் சொல்றியா? போய் வேலையப் பாரு" என்று சிரித்தாராம் முதலாளி. அந்த ஆளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அதன் பிறகு கந்தப்பன் பட்ட பாட்டைப் பார்க்க முடியவில்லை. அப்புசாமி பெங்களூர் லோடு போனால், திரும்பும் வரை பத்து நிமிடத்துக்கொரு தரம் மெயின்ரோட்டுக்குப் போய் எட்டிப் பார்ப்பார். உளியை எடுப்பார், வைப்பார், மறுபடி ரோட்டுக்கு நடப்பார்.

ஒருநாள் அப்புசாமியின் லாரி உடைந்த பலகையை மாற்ற வந்தது. வேலையாட்களை டீக்கு அனுப்பிவிட்டு, கந்தப்பன் சுத்தியலோடு மேலே ஏறினார். ஒவ்வொரு போல்ட்டாக, நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனையை அடித்து நசுக்கினார். இனி எந்த ஸ்பானருக்கும் நட்டு திரும்பாது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்காமலே தூரிகையை எடுத்துப் போய் நசுங்கின இடமெல்லாம் பெயின்ட் தடவினேன்.

எஃப்.சி. அன்று காலை ஒட்டைக் கழற்ற லாரி வந்தது. வேலையாட்கள் ஸ்பானரில் தொங்கிப் பார்த்தும் ஒரு நட்டு அசையவில்லை. பழைய எஃப்.சி. அன்றோடு முடிகிறது, பஞ்சு லோடு காத்திருக்கிறது. ஓடி வந்த சென்னியப்பன், "இப்படியே கொண்டு போ, நான் பேசிக்கறேன்" என்றார். பேச்சு எடுபடவில்லை. புதிதாக வந்திருந்த பிரேக் இன்ஸ்பெக்டர் டேப் பிடித்து அளந்தார். அந்த லாரியை நிறுத்தியதோடு விடாமல், மற்ற பத்தையும் வரவழைத்து அளந்தார். போல்ட்டை வெட்டியாவது பதினொன்றிலும் ஒட்டை இறக்க வைத்தார்.

மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்து செய்த சதி என்று சென்னியப்பன் அப்புசாமியை அன்றே விரட்டினார். ஊரில் எந்தக் கம்பெனியும் அவனைச் சேர்க்கவில்லை. அவன் பட்டறை வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினான். "என்ற பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்களே! இனிமே உங்க ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்!" கந்தப்பன் உளியை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தார். லாரி வேலை அவருக்கும் வரவில்லை. கதவு, ஜன்னல் செய்து பிழைத்தார். அப்புசாமி சேலத்தில் சூரமங்கலம் பக்கம் டவுன் பஸ் ஓட்டப் போய்விட்டான்.

அடுத்த தை மாதம் கந்தப்பன் மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். வசந்தாமணி சேலம் வரை போய்த் தம்பியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சிவிட்டு வந்திருந்தாள். நல்ல நேரம் முடியும் வரை பார்த்தோம். அவன் வரவில்லை. பெரியப்பன் மடியில் வைத்துக் குத்தினார்கள். குழந்தையை விட வசந்தாமணிதான் அதிகம் அழுதாள்.

கந்தப்பனிடம் போனேன். "ஏனுங்க, யாருக்காக இத்தனையும் செஞ்சீங்கன்னு அவங்கிட்ட நானாவது போய்ச் சொல்லட்டுமா?" என்றேன்.

கந்தப்பன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் கலங்கித்தான் இருந்தது.

"வேண்டாமுங்க பெயின்டரே. கோவிச்சுக்கிட்டு வராம இருக்கறதுக்கும் ஆளு உசுரோட இருக்கோணுமல்லங்க."